அமெரிக்க ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பது யார்?

ஜனநாயகத்துக்குத் தானே தாயகம் என்று பெருமை பேசிக்கொள்ளும் தேசம் ஐக்கிய அமெரிக்கா. அத்தேசத்தில் ஜனங்களிடம் அதிக வோட்டுப் பெற்றவர் தோற்று வீட்டுக்குப் போவதும், குறைந்த வோட்டுப் பெற்றவர் ஜனாதிபதி பீடத்தில் அமர்வதும் பல முறை நடந்திருக்கின்றன. 1876, 1888, 2000, 2016 ஆகிய ஆண்டுகளின் தேர்தல்கள் இதற்குச் சாட்சி. 2016-ல் மிஸஸ் ஹில்லாரி கிளிண்டன், மிஸ்டர் டொனால்ட் டிரம்பைவிட 28 லட்சத்துக்கு மேற்பட்ட வோட்டுக்கள் அதிகமாகப் பெற்றும் தோல்வியுற்றார். ஒரு கிராமப் பஞ்சாயத்துத் தேர்தலில் இவ்வாறு நடந்தால் ஊரே திரண்டு நியாயம் கேட்கும். உலகத்தின் மிக வலிய அதிகார பீடத்துக்கு நடக்கும் தேர்தலிலோ இதுவே சட்டப்படி செல்லுபடியாகும் முடிவு. இதற்குக் காரணமான ஏற்பாட்டை ஆராய்வதும், அதை நீக்கி ஜனங்களே நேர்முகமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்னும் கோரிக்கையின் நியாயத்தை எடை போடுவதும் நமது நோக்கம்.

ஏற்பாடு எத்தகையது?

நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை நவம்பர் மாதத்தில் அமெரிக்கப் பிரஜைகள் வோட்டுச் சாவடிக்குச் செல்லுகிறார்கள். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது அவர்கள் எண்ணம். சட்டத்தின் கண்ணில் அவர்கள் தேர்ந்தெடுப்பது தத்தம் ராஜ்யத்தின் சார்பில் வோட்டளிக்கப் போகும் தேர்வாளர்களையே. 'எலெக்டோரல் காலேஜ்' என்று வழங்கும் இந்தத் தேர்வாளர் குழுவில் மொத்தம் 538 பேர். ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் பிரதிநிதி சபையில் எத்தனை அங்கத்தினர் உண்டோ அத்தனையும், செனட் சபையில் உள்ள இரண்டும் சேர்ந்தது அதன் பங்கு. தலைநகர் வாஷிங்டனுக்கு 1961-ம் வருஷத்துத் திருத்தத்தினால் 3 கிடைத்தன. 270 தேர்வாளர்களின் வோட்டைப் பெற்றவர் ஜனாதிபதி.

குழு என்று பெயரேயன்றி இவர்கள் ஒருநாளும் ஓரிடத்தில் கூடுவதில்லை. டிசம்பர் மாதத்தில் அவரவர் ராஜ்யத்தின் தலைநகரில் கூடி, சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கலைந்து போகிறார்கள். 48 ராஜ்யங்களில், அந்த ராஜ்யத்தில் ஒரு வோட்டு அதிகம் பெற்றவருக்கும் அங்குள்ள தேர்வாளர் அனைவரும் சேர்ந்துவிடுகிறார்கள். மெயின், நெப்ராஸ்கா ஆகிய இரண்டு மட்டுமே தொகுதி வாரியாகப் பிரித்துக் கொடுக்கின்றன. எவருக்கும் 270 கிடைக்காவிடில் பிரதிநிதி சபை ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும். அங்கேயும் ராஜ்யத்துக்கு ஒரு வோட்டுத்தான். 52 பிரதிநிதிகளை அனுப்பும் காலிபோர்னியாவுக்கும் ஒரு வோட்டு. ஒரே பிரதிநிதியை அனுப்பும் வயோமிங்குக்கும் ஒரு வோட்டு. 1824-ம் வருஷத் தேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்ஸன் ஜனங்களின் வோட்டிலும் தேர்வாளர் வோட்டிலும் முதல்வராக நின்றார். எனினும் பெரும்பான்மை கிட்டாமையால் விஷயம் சபைக்குப் போயிற்று. சபை ஜான் குவின்ஸி ஆடம்ஸை ஜனாதிபதியாக்கிற்று.

தேர்வாளர்கள் அறிவும் அநுபவமும் மிக்க பெரியோர். ஆத்திரத்தில் ஜனங்கள் தவறினாலும் அவர்கள் நிதானமாகச் சிந்தித்துத் தகுந்தவரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது இம்முறைக்குச் சொல்லப்பட்ட பழைய நியாயம். கட்சிகள் தோன்றிய உடனேயே அந்த நியாயம் நலிந்துவிட்டது. ராஜ்ய சர்க்கார் சொல்லுகிறபடியே தேர்வாளர் வோட்டளிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தலாம், மீறினால் தண்டிக்கலாம் என 2020-ல் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அத்துடன் அந்த நியாயம் முற்றிலும் தீர்ந்தது. சிந்திக்கும் உரிமையற்ற பெரியோருக்குச் சபை எதற்கு? இப்போது எஞ்சி நிற்பது ஒரு கணக்கு முறையேயாகும். அந்தக் கணக்கு எப்படிப் பிறந்தது என்பதைப் பார்ப்போம்.

பிறப்பின் இரகசியம்

1787-ல் பிலடெல்பியா நகரில் அரசியல் திட்டம் வகுக்கக் கூடிய மகாநாட்டில், ஜனங்களே நேராக ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று பென்ஸில்வேனியா பிரதிநிதி ஜேம்ஸ் வில்ஸன் எடுத்துரைத்தார். காங்கிரஸ் சபையே தேர்ந்தெடுக்கட்டும் என்றனர் சிலர். தூரதேசத்து மனிதரின் குணங்களை ஜனங்கள் எப்படி அறிவார்கள் என்று ஐயுற்றனர் வேறு சிலர். அரசியல் திட்டத்தின் தந்தை எனப் போற்றப்படும் ஜேம்ஸ் மாடிஸன், அவ்வாண்டு ஜூலை 19-ந் தேதி பேசுகையில், ஜனங்களே தேர்ந்தெடுப்பதுதான் தகுதியான முறை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு பெரிய கஷ்டம் இருக்கிறது என்றும் உடனே சொன்னார். வட ராஜ்யங்களில் வோட்டுரிமை பரவலாக இருக்கிறது. தென் ராஜ்யங்களில் அவ்வாறில்லை. தங்களிடமுள்ள கறுப்பு இனத்தாரின் பேரால் தென் ராஜ்யங்களுக்கு நேர்முகத் தேர்தலில் எவ்விதச் செல்வாக்கும் கிடைக்காது. அவர் கருத்து இதுவே.

இதன் பொருள் தெளிவானது. அடிமைக்கு வோட்டுக் கொடுக்க எஜமானனுக்கு மனமில்லை. அடிமையின் தலையைக் கணக்கில் சேர்த்து அதனால் வரும் பலத்தைத் தான் அநுபவிக்க மட்டும் விருப்பமுண்டு. நேர்முகத் தேர்தலில் இதற்கு வழியில்லை. போடப்பட்ட வோட்டு மட்டுமே அங்கே எண்ணப்படும். தேர்வாளர் முறையில் வழி பிறந்தது. பிரதிநிதி சபை ஸ்தானங்களுக்காக ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிடுவது என்று முன்பே செய்துகொண்ட சமரசம், தேர்வாளர் எண்ணிக்கைக்கும் அப்படியே பொருந்திற்று.

பலன் என்னவெனில், 1790-ம் வருஷத்து ஜனக் கணக்கின்படி பென்ஸில்வேனியாவில் சுதந்திர மக்கள் சுமார் 4,30,000 பேர்; வர்ஜீனியாவில் சுமார் 4,55,000 பேர். வித்தியாசம் சொற்பம். ஆயினும் அக்கணக்கை ஒட்டி நடந்த 1800-ம் வருஷத் தேர்தலில் பென்ஸில்வேனியாவுக்கு 15 தேர்வாளர், வர்ஜீனியாவுக்கு 21. வர்ஜீனியாவில் விலங்கிட்டு வைத்திருந்த 2,92,000 அடிமைகளே இந்த உபரியை அளித்தார்கள். அவர்களைக் கட்டி ஆண்டவர்களுக்கு அவர்கள் தலையே ஆயுதமாயிற்று. முதல் 36 ஆண்டுகளில் 32 ஆண்டுகள் வர்ஜீனியாக்காரர்களே ஜனாதிபதிகளாக இருந்தார்கள். நால்வரும் அடிமைகளை உடையவர்கள்.

உள்நாட்டு யுத்தத்துக்குப் பின் அடிமைத்தனம் ஒழிந்தது. இனி நியாயம் பிறக்கும் என்று எண்ணியவர் ஏமாந்தனர். ஐந்தில் மூன்று என்ற கணக்குப் போய், விடுதலை பெற்றவர் முழுத் தலையாகவே எண்ணப்பட்டார். 1870-ல் வோட்டுரிமையும் சட்டத்தில் எழுதப்பட்டது. ஆனால் சில வருஷங்களுக்குள் தென் ராஜ்யங்கள் வோட்டு வரி, எழுத்தறிவுப் பரீட்சை, அடியாட்களின் பயமுறுத்தல் ஆகிய உபாயங்களால் அவ்வுரிமையைப் பறித்துக்கொண்டன. தேர்வாளர் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. அடிமையாக இருந்தபோது ஐந்தில் மூன்று பங்கு எஜமானனுக்குச் சேர்ந்தது. விடுதலையான பிறகு முழுப் பங்கும் சேர்ந்தது! 1965-ல் வோட்டுரிமைச் சட்டம் நிறைவேறும் வரையில் இந்த நிலை பெரும்பாலும் நீடித்தது.

இம்முறையின் மூல வியாதி இதுவே என்பது நமது துணிபு. தேர்வாளர் முறையில் ஒரு ராஜ்யம் தன் பிரஜைகளில் பாதிப் பேரை வோட்டுச் சாவடிக்கு வரவிடாமல் தடுத்தாலும் அதன் பலம் இம்மியும் குறைவதில்லை. எல்லோரையும் அழைத்து வோட்டுக் கொடுத்தாலும் இம்மியும் கூடுவதில்லை. 1869-ல் வயோமிங் பிரதேசம் பெண்களுக்கு வோட்டுரிமை அளித்துப் புகழ் பெற்றது. பின்னர் அது ராஜ்யமாகியபோது, ஜனாதிபதித் தேர்தலில் அந்தப் பெண்களின் வோட்டுக்காக ஒரு தேர்வாளர்கூட அதிகமாகக் கிடைக்கவில்லை. நேர்முகத் தேர்தல் அன்று இருந்திருப்பின், பெண்களுக்கு வோட்டளித்த ராஜ்யத்தின் பலம் ஒரே நாளில் ஏறக்குறைய இரட்டித்திருக்கும். மற்ற ராஜ்யங்களும் போட்டி போட்டுக்கொண்டு அளித்திருக்கும். உரிமையை விரிப்பவனுக்கு லாபமும் சுருக்குபவனுக்கு நஷ்டமும் தரும் முறை எதுவோ அதுவே ஜனநாயக முறை.

கை நழுவிய சந்தர்ப்பம்

1968-ம் வருஷத் தேர்தலில் மிஸ்டர் நிக்ஸன், மிஸ்டர் ஹம்ப்ரி ஆகிய இருவருக்கிடையே ஜனங்களின் வோட்டில் இருந்த வித்தியாசம் சுமார் 5 லட்சமே. அலபாமாவைச் சேர்ந்த ஜார்ஜ் வாலஸ் மூன்றாவது வேட்பாளராக நின்று 46 தேர்வாளர்களைப் பெற்றார். இன ஒதுக்கலைக் கொள்கையாகக் கொண்டவர் அவர். இருவரில் எவருக்கும் பெரும்பான்மை கிட்டாவிடில் தமது தேர்வாளர்களை வைத்துப் பேரம் பேசுவதே அவர் திட்டம். நிக்ஸனுக்கு 301 கிடைத்ததால் அபாயம் தப்பிற்று. ஆயினும் தேசம் திடுக்கிட்டு விழித்துக்கொண்டது.

இந்தியானா செனட்டர் பர்ச் பாயும், பிரதிநிதி சபையில் நியூயார்க்கைச் சேர்ந்த இமானுவேல் ஸெல்லரும் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார்கள். தேர்வாளர் குழு ஒழிய வேண்டும். தேசம் முழுவதும் போடப்படும் வோட்டில் அதிகம் பெற்றவர் ஜனாதிபதி. எவருக்கும் நூற்றுக்கு 40 கிட்டாவிடில் முதலிருவருக்குள் மறு தேர்தல். 1969 செப்டம்பர் 18-ந் தேதி பிரதிநிதி சபை 338-க்கு 70 என்ற வோட்டில் இதை நிறைவேற்றிற்று. அம்முறையினாலேயே பதவிக்கு வந்த நிக்ஸனும் ஆதரவு தெரிவித்தார். இரு கட்சியினரும் ஒத்து நின்றனர்.

செனட் சபையில் மசோதா மாண்டது. அதன் மீது வோட்டெடுப்புக்கே இடங்கொடுக்கவில்லை. தென் கரோலினாவின் ஸ்ட்ராம் தர்மண்ட், மிஸிஸிப்பியின் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட், வட கரோலினாவின் ஸாம் எர்வின் ஆகியோர் முன்னின்று, ஓயாது பேசிப் பொழுதைப் போக்கும் தந்திரத்தால் வழியை அடைத்தார்கள். வாதத்தை முடிக்க அக்காலத்து விதிப்படி, வந்திருந்து வோட்டளித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதம் வேண்டும். 1970 செப்டம்பர் 17-ந் தேதி 54 பேர் ஆதரித்தனர், 36 பேர் எதிர்த்தனர். 29-ந் தேதி 53-க்கு 34. இரு முறையும் பெரும்பான்மை இருந்தும் போதவில்லை. ராஜ்யங்களின் உரிமையைக் காக்கிறோம் என்றார்கள் எதிர்த்தவர்கள். தங்கள் ராஜ்யத்துக் கறுப்புப் பிரஜைகளுக்கு வோட்டுரிமை கொடுக்க மறுத்தபோதும் இதே வார்த்தைகளைத்தான் அவர்கள் சொன்னார்கள். பெரும்பான்மையோர் விருப்பத்தைத் தடுக்கும் ஒரு முறையை, பெரும்பான்மையோர் விருப்பத்தைத் தடுக்கும் மற்றொரு முறையால் காப்பாற்றிக்கொண்டார்கள் என்க.

1979-ல் மீண்டும் முயற்சி நடந்தது. 51 பேர் ஆதரித்தனர். 48 பேர் எதிர்த்தனர். திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டுமாகையால் அதுவும் வீழ்ந்தது. அப்போது கறுப்பு இனத்தாரின் தலைவர்களில் வெர்னன் ஜார்டன் போன்ற சிலரும் மாறுதலை எதிர்த்தனர் என்பதை மறைக்கலாகாது. பெரிய வட ராஜ்யங்களில் வெற்றி தோல்வியை நிர்ணயிக்கும் சிறுபான்மையாகத் தம் சமூகம் இருப்பதால், இருக்கும் முறையே தமக்கு அநுகூலம் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கைக் குறை சொல்லுவதற்கில்லை. வெகு காலம் வஞ்சிக்கப்பட்டவர்கள் கைக்கு வந்த ஆயுதத்தை விட அஞ்சுவது இயல்பு. ஆனால் அதே முறையில், தென் ராஜ்யங்களில் கறுப்பு இனத்தார் லட்சக்கணக்கில் போடும் வோட்டு, ராஜ்யப் பெரும்பான்மையின் அடியில் தேர்தலுக்குத் தேர்தல் புதையுண்டு போகிறது. ஓரிடத்தில் கிடைக்கும் சலுகைக்கு மற்றோரிடத்தில் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆக்ஷேபங்களும் சமாதானங்களும்

எதிர்க்கட்சி வாதத்தையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுவதே முறை. சிறிய ராஜ்யங்களைப் பெரிய ராஜ்யங்கள் விழுங்காமல் இம்முறை காக்கிறது என்பது முதல் வாதம். 2020-ம் வருஷத்து ஜனக் கணக்கின்படி வயோமிங்கில் சுமார் 1,92,000 பேருக்கு ஒரு தேர்வாளர். காலிபோர்னியாவில் சுமார் 7,32,000 பேருக்கு ஒரு தேர்வாளர். காகிதத்தில் வயோமிங்குக்குச் சலுகை இருக்கிறது. நடைமுறையில் அங்கே வோட்டுக் கேட்டுப் போகிறவர் எவருமில்லை. முடிவு முன்னமே தெரிந்த ராஜ்யத்தில் பொழுதை ஏன் போக்குவது? 2024-ல் பென்ஸில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்ஸின், ஜார்ஜியா, வட கரோலினா, அரிஸோனா, நெவாடா என்னும் ஏழு ராஜ்யங்களையே இரு கட்சியினரும் சுற்றிச் சுற்றி வந்தனர். அவை சிறிய ராஜ்யங்களென்று பொறுக்கப்படவில்லை; சமநிலையில் இருக்கும் ராஜ்யங்கள் என்பதே காரணம். மேலும், ஜனத்தொகை எதுவாயினும் ராஜ்யத்துக்கு இரு செனட்டர் என்ற சமத்துவம் எப்படியும் நிலைத்திருக்கும். அதைத் தொட எவரும் கேட்கவில்லை.

பெருநகரங்கள் நாட்டுப்புறத்தை அடக்கிவிடும் என்பது இரண்டாவது வாதம். அமெரிக்காவின் மிகப் பெரிய பத்து நகரங்களின் எல்லைக்குள் வாழ்வோர் மொத்த ஜனத்தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நாட்டுப்புறத்தாருக்கு இன்று கிடைக்கும் நியாயத்தையும் பாருங்கள். 2020-ல் மிஸ்டர் டிரம்புக்கு காலிபோர்னியாவில் 60 லட்சத்துக்கு மேல் வோட்டு விழுந்தது; அவர் வெற்றி பெற்ற டெக்ஸஸில் கிடைத்ததைவிட அது அதிகம். அந்த 60 லட்சத்துக்கும் கிடைத்த தேர்வாளர் பூஜ்யம். டெக்ஸஸில் மிஸ்டர் பைடனுக்கு வோட்டளித்த 52 லட்சம் பேரின் கதியும் அதுவே. இரு கட்சியினரும் சமமாக வஞ்சிக்கப்படுகிறார்கள்.

மறு எண்ணிக்கை நேர்ந்தால் தேசம் முழுவதும் எண்ண வேண்டிவரும்; குழப்பம் பெருகும் என்பது மூன்றாவது வாதம். அநுபவம் இதற்கு மாறாக இருக்கிறது. 2000-ல் தேச முழுவதும் மிஸ்டர் கோர் 5 லட்சத்துக்கு மேற்பட்ட வோட்டு அதிகம் பெற்றிருந்தார். அங்கே சந்தேகத்துக்கு இடமில்லை. புளோரிடா என்ற ஒரே ராஜ்யத்தில் 537 வோட்டு வித்தியாசத்துக்காகத் தேசம் ஒரு மாதத்துக்கு மேல் தத்தளித்தது. 2020-ல் மிஸ்டர் பைடன் 70 லட்சம் அதிகம் பெற்றார். அரிஸோனா, ஜார்ஜியா, விஸ்கான்ஸின் மூன்றிலும் அவருடைய மொத்த வித்தியாசம் 43,000-க்கும் குறைவு. அந்த மூன்றும் கைமாறியிருப்பின் 269-க்கு 269 என்று தராசு நின்றிருக்கும். தகராறு செய்ய விரும்புகிறவனுக்கு எந்த வாசலைத் தட்டுவது என்று காட்டிக்கொடுப்பது தேர்வாளர் முறையே. அதன் விளைவை 2021 ஜனவரி 6-ந் தேதி வாஷிங்டனில் உலகம் கண்டது.

நம் தேசத்து முறை

தேர்வாளர் குழுவைக் கைவிட்ட தேசங்கள் உண்டு. பிரான்ஸில் 1958-ல் சுமார் 80,000 தேர்வாளர் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்தார்கள். 1962-ல் ஜெனரல் டிகால் ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்டு நேர்முகத் தேர்தலை ஏற்படுத்தினார். பின்லாந்தில் 1956-ல் 300 தேர்வாளர்களில் 151 பேர் ஒருபுறம், 149 பேர் மறுபுறம் என்ற நிலையில் கெக்கோனென் வென்றார். 1994 முதல் அங்கே ஜனங்களே நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அர்ஜென்டினா 1994-ல் தன் அரசியல் திட்டத்தைத் திருத்திற்று.

நம் தேசத்து ஜனாதிபதியும் ஒரு தேர்வாளர் குழுவினால்தானே தேர்ந்தெடுக்கப்படுகிறார் என்று நேயர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. நமது அரசியல் நிர்ணய சபையிலேயே புரொபஸர் கே. டி. ஷா வயது வந்தோர் அனைவரும் நேராகத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்று வாதாடினார். பண்டித நேரு முதலியோர் சொன்ன விடை இது: நிர்வாக அதிகாரம் பார்லிமெண்டுக்குப் பொறுப்பான மந்திரி சபையிடம் இருக்கிறது, தேசம் முழுவதும் வோட்டுப் போட்டு ஒருவரைப் பீடத்தில் அமர்த்திவிட்டு அதிகாரம் செய்யாதே என்பது பொருந்தாது. அவ்விடை இன்றும் செல்லும். அதிகாரம் செலுத்துபவரை ஜனங்கள் நேராகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மந்திரிகளின் யோசனைப்படி நடப்பவரை ஜனப் பிரதிநிதிகள் தேர்ந்தெடுக்கலாம். அமெரிக்க ஜனாதிபதியோ முதலாம் வகையினர். சேனாதிபதியும் அவரே, பிரதம மந்திரியும் அவரே.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. நமது முறையில் ராஜ்ய சட்டசபை அங்கத்தினரின் வோட்டு மதிப்பு ஜனத்தொகைக்குத் தக்கபடி கணக்கிடப்படுகிறது. 1971-ம் வருஷத்து ஜனக் கணக்கை வைத்து, தமிழ்நாட்டுச் சட்டசபை அங்கத்தினர் ஒருவரின் வோட்டு மதிப்பு 176 என்று நிர்ணயிக்கப்பட்டது. ஒரு ராஜ்யத்தில் வென்றவருக்கே எல்லா வோட்டும் என்ற வழக்கமும் நம்மிடம் இல்லை.

இனி என்ன?

அமெரிக்க அரசியல் திட்டத்தைத் திருத்த இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கும், 50 ராஜ்யங்களில் 38-ன் சம்மதமும் வேண்டும். எளிதன்று. ஆகவே ஒரு குறுக்கு வழி கண்டிருக்கிறார்கள். தேசம் முழுவதும் அதிக வோட்டுப் பெற்றவருக்கே எங்கள் தேர்வாளரை அளிப்போம் என்று ராஜ்யங்கள் தமக்குள் உடன்படிக்கை செய்துகொள்ளுகின்றன. 2007-ல் மேரிலாண்ட் தொடங்கி வைத்தது. 2024 வரையில் 17 ராஜ்யங்களும் தலைநகரமும் சேர்ந்து, 209 தேர்வாளர்கள் கணக்கில் வந்தார்கள். 270 சேர்ந்தால்தான் அது அமுலுக்கு வரும். யுக்தி நல்லது, அஸ்திவாரம் பலமில்லாதது. காங்கிரஸின் சம்மதமின்றி இது செல்லுமா என்ற வழக்கு நிச்சயம் எழும். இன்று சேர்ந்த ராஜ்யம் நாளை சட்டசபையில் கட்சி மாறினால் விலகிக்கொள்ளவும் கூடும். அரசியல் திட்டத்தில் இருக்கும் குறையை அரசியல் திட்டத்திலேயே தீர்ப்பதுதான் நிரந்தரமான பரிகாரம். செனட்டர்களை ராஜ்ய சட்டசபைகளே தேர்ந்தெடுத்துவந்த முறையை 1913-ல் திருத்தி ஜனங்களிடம் ஒப்படைத்த தேசத்துக்கு இது ஆகாத காரியமன்று.

2024-ல் மிஸ்டர் டிரம்ப் தேர்வாளர் வோட்டிலும் ஜனங்களின் வோட்டிலும் முதல்வராக வந்தார். ஆகையால் இப்பிரச்னை ஆறிவிட்டது என்று சிலர் எண்ணுகிறார்கள். ஆறியிருக்கும் போதுதான் இதைச் சீர்படுத்த வேண்டும். ஒருவர் வஞ்சிக்கப்பட்ட மறுநாள் திருத்தம் கேட்டால் தோற்றவன் புலம்பல் என்று தள்ளிவிடுகிறார்கள். 2004-ல் மிஸ்டர் புஷ் 30 லட்சம் வோட்டு முன்னணியில் இருந்தபோதும், ஓஹியோவில் சுமார் 60,000 பேர் மறுபுறம் சாய்ந்திருப்பின் பதவியை இழந்திருப்பார். இந்தக் கத்தி எந்தக் கட்சியின் கழுத்தில் எப்போது விழும் என்று எவரும் சொல்ல முடியாது. தாகமெடுத்த பிறகு கிணறு வெட்டுவது புத்திசாலித்தனமாகாது.

வோட்டுரிமை நமக்கு எளிதாகக் கிடைத்ததன்று. சொத்தும் வரியும் படிப்பும் உள்ளவனுக்கே வோட்டு என்றிருந்த அந்நிய ஆட்சியிலிருந்து, வயது வந்த ஆண் பெண் அனைவருக்கும் ஒரே மதிப்புள்ள வோட்டு என்ற நிலையை எய்தினோம். ஏழைக் குடியானவனுடைய வோட்டும் மிராசுதாரனுடைய வோட்டும் பெட்டிக்குள் விழுந்த பின் ஒன்றே. அந்தச் சமத்துவத்தின் அருமை தெரிந்த நாம், பழமையான குடியரசு ஒன்றின் பிரஜை தன் வோட்டு எவ்வளவு பெறும் என்பதற்குத் தான் குடியிருக்கும் ஊரின் பெயரைச் சொல்ல வேண்டியிருப்பதைக் கண்டு வருந்தாமலிருக்க முடியாது. 1787-ல் ஜேம்ஸ் வில்ஸன் கேட்டது ஜனங்களின் நேரான தீர்ப்பை. அன்று அதை மறுக்க அடிமைகளின் எஜமானர்களுக்குக் காரணம் இருந்தது. இன்று மறுப்பவர்கள் தங்கள் காரணத்தை ஜனங்கள் முன் வெளிப்படையாகச் சொல்லட்டும்.